வக்கீல் தேர்தலில் நிற்கலாமா? மார்ஷல், லீ, ஜெயரத்தினம் போன மூன்று வழிகள்

சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டி ஆன்சன் என்றொரு தொகுதி இருந்தது. 1961 இடைத்தேர்தலில் அங்கே தொழிலாளர் கட்சிக்காக நின்று ஜெயித்தவர் டேவிட் மார்ஷல், பாரிஸ்டர். இருபது வருடம் கழித்து, 1981-ல், அதே தொகுதியில் அதே கட்சிக்காக இன்னோர் இடைத்தேர்தலில் ஜெயித்தவர் ஜே.பி. ஜெயரத்தினம். அவரும் பாரிஸ்டர். பக்கத்துத் தொகுதி தஞ்சோங் பகார். அதை 1955 முதல் 2015-ல் இறக்கும்வரை கையைவிட்டுப் போகாமல் வைத்திருந்தவர் லீ குவான் யூ. அவரும் பாரிஸ்டர்தான். பாரிஸ்டர் பட்டம் தரும் லண்டன் வக்கீல் சங்கங்களில் மார்ஷலும் லீயும் மிடில் டெம்பிளில் தேறியவர்கள், ஜெயரத்தினம் கிரேஸ் இன்னில்.

கோர்ட்டில் ஓரளவு பெயர் எடுத்த பிறகு 'நாமும் தேர்தலில் நின்றால் என்ன?' என்ற எண்ணம் வராத வக்கீல் குறைவு. அப்போது பொதுவாகச் சொல்லப்படும் பதில், 'காந்தி வக்கீல், நேரு வக்கீல், அம்பேத்கர் வக்கீல்' என்ற பட்டியல். அதனால் ஒரு பயனும் இல்லை. அது உயரத்தை மட்டும் காட்டும். தொழில் என்ன ஆனது, வீட்டுச் செலவு எப்படி நடந்தது, சன்னதுக்கு, அதாவது வழக்காடும் உரிமத்துக்கு, ஆபத்து வந்ததா என்றெல்லாம் சொல்லாது. இந்த மூன்று பேரை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அதெல்லாம் தெரியும். ஒரே ஊர், ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே காலத்துச் சட்டம். வழி மட்டும் வேறு.

மார்ஷலிலிருந்து ஆரம்பிக்கலாம். 1908-ல் பாக்தாத் வழி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பல வேலைகள் பார்த்துவிட்டு 1937-ல்தான் பாரிஸ்டர் ஆனார். போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு ஹொக்கைடோ சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தபின் சிங்கப்பூரின் முதல்தர கிரிமினல் வக்கீல் அவர்தான். கொலைக் கேஸ் என்றால் மார்ஷல் என்று இருந்த காலம். ஏழு பேர் கொண்ட ஜூரியின் முன் நின்று அவர் பேசுவதைக் கேட்கவே கூட்டம் வரும்.

இந்தப் பெயரை வைத்துத்தான் அவர் அரசியலுக்கு வந்தார். 1955 தேர்தலில் அவருடைய லேபர் ஃப்ரண்ட் கட்சி 25 இடங்களில் 10-ஐப் பிடித்தது. அவர் முதல் முதலமைச்சர் ஆனார். பிரிட்டிஷ் ஆளுநருக்கு இந்தப் பதவியை எங்கே உட்கார வைப்பது என்றே தெரியவில்லை. தனி அறை தராவிட்டால் வெளியே மரத்தடியில் மேசை போட்டு உட்காருவேன் என்று மார்ஷல் மிரட்டிய பிறகு, படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை கிடைத்தது. பொதுமக்கள் வாராவாரம் தலைவரை நேரில் பார்த்துக் குறை சொல்லும் வழக்கத்தை அங்கே தொடங்கியவர் அவர். இன்றைக்கும் சிங்கப்பூர் எம்.பி.க்கள் அதைச் செய்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், அது ஒரு வக்கீல் சேம்பரின் மாலை நேரம்தான்: வரிசையாக வழக்குக் கட்சிக்காரர்கள், கையில் காகிதம், கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர்.

ஆனால் வக்கீல் குணம் அவரை வேறோர் இடத்தில் மாட்டிவிட்டது. 1956-ல் லண்டன் பேச்சுவார்த்தைக்குக் கிளம்பும்போதே, உள்நாட்டுச் சுயாட்சி வாங்காமல் வந்தால் பதவியை விட்டுவிடுவேன் என்று அறிவித்துவிட்டார். உள்நாட்டுப் பாதுகாப்பில் கடைசிச் சொல் யாருக்கு என்ற கேள்வியில் பேச்சு முறிந்தது. திரும்பி வந்தார், ஜூன் 7 அன்று ராஜினாமா செய்தார். அடுத்து வந்த லிம் இயூ ஹோக் மறு வருடமே போய், பிரிட்டனுக்கு மூன்று, சிங்கப்பூருக்கு மூன்று, மலாயாவுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பாதுகாப்புக் குழுவுக்கு ஒப்புக்கொண்டு வந்தார். முழுசாகக் கிடைக்காததைத் தவணையில் வாங்கினார். கோர்ட்டில் டிக்ரி, டிஸ்மிஸ் என்று இரண்டே முடிவுக்குப் பழகியவருக்கு இந்தத் தவணை முறை ஒத்துவராது. கிரிமினல் பக்கம் மட்டும் பழகியவருக்கு இன்னும் ஒத்துவராது. சிவில் வக்கீலாக இருந்திருந்தால் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இருந்தாலும் அந்த ராஜினாமாவை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன். சொன்ன சொல்லுக்காக முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்து வர எத்தனை பேருக்கு முடியும்? மார்ஷலுக்கு முடிந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம், மறுநாள் காலை போய் உட்கார அவருக்கென்று ஓர் ஆபீஸ் இருந்தது. பதவியை நம்பி அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. 1957-ல் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார், 1961-ல் ஆன்சனில் ஜெயித்தார், 1963-ல் சுயேச்சையாக நின்று தோற்றார். அப்புறம் கோர்ட்தான். 1972-ல் அட்டர்னி ஜெனரலுக்குக் கொடுத்த உறுதிமொழியை மீறினார் என்று ஆறு மாதத் தொழில்தடை வந்தது. அதையும் தாண்டினார். 1978-ல் அரசாங்கமே அவரை பிரான்ஸுக்குத் தூதராக அனுப்பியது. 1993 வரை அந்தப் பணியில் இருந்தார்.

ஆக, மார்ஷல் வழி என்பது இது: முதலில் தொழிலில் உச்சம், நடுவில் சில வருட அரசியல், பிறகு மறுபடி தொழில். மனிதருக்குச் சேதம் குறைவு. அரசியலில் தடம் இருக்கும், பிடி இருக்காது.

லீ குவான் யூ முற்றிலும் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பு, 1950-ல் பாரிஸ்டர், ஊருக்கு வந்து லேகாக் அண்டு ஓங் நிறுவனத்தில் ஜூனியர். கோர்ட்டில் பெரிய ஆள் ஆகவேண்டும் என்ற அவசரம் அவரிடம் தெரியவில்லை. 1952-ல் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்துக்கு வக்கீல் தேடி வந்தபோது அவர் எடுத்துக்கொண்டார். அந்த வழக்கில்தான் யாழ்ப்பாணத்தில் பிறந்த பத்திரிகையாளர் எஸ். ராஜரத்தினம் அவரோடு சேர்ந்து, பத்திரிகையில் தபால்காரர்கள் பக்கத்தை எடுத்து எழுதினார். வேலைநிறுத்தம் ஜெயித்தது. ஊரிலுள்ள சங்கங்கள் எல்லாம் இந்த இளம் வக்கீலைத் தேடி வர ஆரம்பித்தன. ஃபீஸ் கொஞ்சம், சில சமயம் அதுவும் இல்லை. சீனியர் லேகாக் முகம் சுளித்தார். இனிமேல் சங்கக் கேஸ் எடுக்காதே என்று சொல்லும் அளவுக்குப் போனது. நியாயம்தான், ஆபீஸ் வாடகையைச் சங்கமா கொடுக்கும்?

1954-ல் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மாணவர்கள் எட்டுப் பேர் மீது, அவர்கள் நடத்திய 'ஃபஜார்' இதழில் வந்த கட்டுரைக்காக ராஜத் துரோக வழக்கு. லண்டனிலிருந்து டி.என். பிரிட் என்ற பெரிய வக்கீலை வரவழைத்து, தான் ஜூனியராக உட்கார்ந்துகொண்டார் லீ. மாணவர்கள் தரப்பு வாதத்துக்கே அவசியமில்லாமல் வழக்கு முறிந்தது. அதே வருடம் நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கியது. தபால்காரர்களும் சங்கக்காரர்களும் மாணவர்களும், கேஸ் கட்டு வழியாக வந்தவர்கள் எல்லாரும், ஓட்டுக் கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள். 1955-ல் நாலு இடத்தில் நின்று மூன்று. 1959-ல் 51-ல் 43, லீ பிரதமர்.

இந்த வழியில் எல்லாரும் கவனிக்காமல் விடும் ஒரு பெயர் குவா கியோக் சூ. லீயின் மனைவி, அவரும் கேம்பிரிட்ஜ் படித்த வக்கீல். 1955-ல் லீ, மனைவி, தம்பி டென்னிஸ் மூவருமாக லீ அண்டு லீ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். லீ அரசியலுக்குள் முழுக்கப் போனபோது நிறுவனம் நின்றுவிடவில்லை. மனைவி நடத்தினார், அதுவும் நன்றாக நடத்தினார். லீ தொழிலை விட்டார் என்று சொல்வது பாதி உண்மைதான். அவர் வக்காலத்தை விட்டார். சேம்பர் வீட்டிலேயே இருந்தது.

லீயும் மார்ஷலும் நேருக்கு நேர் வந்த ஓர் இடம் இருக்கிறது. அது இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகக் காட்டும். லீ ஜூனியராக இருந்தபோது, மரியா ஹெர்டோக் என்ற சிறுமி யாரிடம் வளர்வது என்ற வழக்கை ஒட்டி 1950 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் விமானப்படையைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றதாக நாலு பேர் மீது வழக்கு. லீ அவர்களுக்காக ஆஜரானார். இருட்டில், மங்கலான வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவே முகம் அடையாளம் தெரிந்தது எப்படி என்று சாட்சிகளைக் குடைந்தார். ஜூரி கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஜெயித்த வக்கீலுக்கு வாய் கசந்தது. ஜூரி முறை மேல் அவருக்கு நம்பிக்கை போனது அன்றுதான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1969-ல் பிரதமராக அவர் ஜூரியை அடியோடு ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதை ஆராய்ந்த நாடாளுமன்றத் தெரிவுக் குழு முன் எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்தவர் மார்ஷல். கொலைக் கேஸில் எத்தனை பேரை விடுவித்திருப்பீர்கள் என்று லீ கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றார் மார்ஷல். அத்தனை பேரும் நிரபராதிகளா? அவர்களுக்காக வாதாடுவது என் கடமை, அவர்களுக்குத் தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை என்றார். மசோதா நிறைவேறியது. ஊரின் மிகப் பெரிய வக்கீலின் மேடையை, ஒரு காலத்து ஜூனியர் வக்கீல் ஒரே சட்டத்தில் எடுத்துவிட்டார். தொழிலில் தங்கியவருக்கும் தொழிலை விட்டவருக்கும் கையிலிருந்த பலம் எவ்வளவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லீ வழியின் விலையும் இதில் இருக்கிறது. அதிகாரம் வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆனால் அதில் போனவர் பழைய சகாக்களுக்காகப் பேச மாட்டார். சில சமயம் எதிரே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது. நம் ஊரில் பெரும்பாலான வக்கீல்கள் மனதில் இருப்பது இதுதான். காலையில் கோர்ட், மாலையில் கட்சி ஆபீஸ். இந்தியச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. எம்.எல்.ஏ., எம்.பி. ஆனாலும் வழக்காடலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேள்வி, ஆளுங்கட்சி வக்கீலுக்கும் எதிர்க்கட்சி வக்கீலுக்கும் இது ஒன்றா என்பது. ஜெயரத்தினத்தைப் பார்த்தால் பதில் தெரியும்.

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926-ல் யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தவர். வளர்ந்தது மலாயாவில். 1951-ல் பாரிஸ்டர். சிங்கப்பூர் அரசுச் சட்டப் பணியில் சேர்ந்து மாஜிஸ்திரேட், மாவட்ட நீதிபதி, அரசு வழக்கறிஞர் என்று பல நாற்காலிகளில் உட்கார்ந்தார். 1963-ல் விட்டுவிட்டுத் தனியாக வழக்காட வந்தார். 1971-ல், கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்த தொழிலாளர் கட்சிக்குப் பொதுச்செயலாளர் ஆனார். 1972-ல் தோல்வி, 1976-ல் தோல்வி, 1977 இடைத்தேர்தலில் தோல்வி, 1979-ல் மறுபடி, 1980-ல் மறுபடி. நடுவில், 1976 தேர்தல் பேச்சுக்காக லீ போட்ட அவதூறு வழக்கில் பெருந்தொகை நஷ்டஈடு. வக்கீல் வருமானம் இல்லாத ஆளாக இருந்தால் இரண்டாவது தோல்வியோடு கதை முடிந்திருக்கும். ஐந்து முறை தோற்றவர் ஆறாவது முறை நிற்க முடிந்தது தொழில் இருந்ததால்தான்.

1981-ல் ஆன்சன் எம்.பி.யாக இருந்த தேவன் நாயர் குடியரசுத் தலைவர் ஆனதால் இடைத்தேர்தல் வந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த பிளேர் பிளெய்ன் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மாற்று வீட்டுக்கு வழி சொல்லவில்லை. அந்தக் கோபம் தொகுதியில் கனன்றுகொண்டிருந்தது. அக்டோபர் 31 அன்று, அடர்ந்த கிருதாவும் கோர்ட்டுக் குரலுமாக இருந்த ஜெயரத்தினம் 653 வாக்குகளில் ஜெயித்தார். 1968 முதல் நாடாளுமன்றம் முழுவதும் ஒரே கட்சி. முதல் ஓட்டை விழுந்தது அன்றுதான். 1984-ல் கூடுதல் ஆதரவோடு மீண்டும் ஜெயித்தார்.

பிறகு வந்ததைத்தான் மூன்றாவது வழியில் போக நினைப்பவர் வரி வரியாகப் படிக்க வேண்டும். கட்சிக்கு வந்த சில காசோலைகள், கட்சிக் கணக்கு பற்றிய ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதில் பொய் சொன்னதாக வழக்கு. 1986-ல் ஒரு மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம். அப்போதைய விதிப்படி 2,000 டாலரோ அதற்கு மேலோ அபராதம் என்றால் எம்.பி. பதவி போகும், ஐந்து வருடம் நிற்கவும் முடியாது. பதவி போனது. அதே தண்டனையைக் காரணம் காட்டி 1987-ல் வக்கீல் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தார்கள். ஒரே காகிதம், இரண்டு பிழைப்பும் போச்சு. பெயர் நீக்கத்தை எதிர்த்து, அன்றைக்குச் சிங்கப்பூர் வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1988-ல் அவர்கள் தீர்ப்பைப் புரட்டிப் போட்டார்கள்: செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்கிறார், கடுமையான அநீதி நடந்திருக்கிறது என்று எழுதினார்கள். சன்னது திரும்பியது. எம்.பி. பதவி திரும்பவில்லை. தொழில் நடவடிக்கை மீதுதான் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போக முடிந்தது. கிரிமினல் தண்டனை அப்படியே நின்றது. குடியரசுத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. அதே 1988 தேர்தலில் ஆன்சன் என்ற தொகுதியே பட்டியலில் இல்லை.

1997-ல் செங் சான் குழுத் தொகுதியில், அதாவது பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதியில், நின்று தோற்றாலும் 45 சதவீதம் வாங்கி, தோற்ற எதிர்க்கட்சியாரில் அதிக ஓட்டு வாங்கியவருக்குத் தரும் தொகுதியில்லா உறுப்பினர் இடத்தில் உள்ளே போனார். இரண்டாவது அடி 2001-ல். அவருடைய கட்சி இதழ் 'ஹாமர்' 1995-ல் தமிழ் மொழி வாரத்தைப் பற்றி வெளியிட்ட ஒரு தமிழ்க் கட்டுரைக்கு, விழா ஏற்பாட்டாளர்கள் அவதூறு வழக்குப் போட்டிருந்தார்கள். நஷ்டஈட்டைத் தவணையில் கட்டிவந்தவர் ஒரு தவணையில் பிந்தினார். திவால் என்று அறிவித்தார்கள். திவாலானவர் எம்.பி.யாகவும் இருக்க முடியாது, வக்கீலாகவும் இருக்க முடியாது. மறுபடி ஒரே அடியில் இரண்டும் விழுந்தது. எழுபத்தைந்து வயதில் ரயில் நிலைய வாசல்களில் நின்று தன் புத்தகங்களைத் தானே விற்றார். 2007-ல் கடனைத் தீர்த்து வெளியே வந்தார், கோர்ட்டுக்குத் திரும்பினார், 2008-ல் புதிய கட்சி ஒன்றையும் தொடங்கினார். அதே வருடம் செப்டம்பர் 30 அன்று காலமானார். மகன்களில் ஒருவர் அந்தக் கட்சியை ஏற்றார். இன்னொருவர் வக்கீல் தொழிலில் உயர்ந்து இப்போது உயர் நீதிமன்ற நீதிபதி.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. இலங்கைத் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் வழி. யாழ்ப்பாணத்தாருக்கு அப்புக்காத்து (அட்வகேட்) என்றால் நினைவுக்கு வரும் முதல் பெயர்களில் ஒன்று. 1944-ல் தமிழ்க் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கினார், 1948-ல் டி.எஸ். சேனநாயக்க அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சர், காங்கேசன்துறை சீமெந்து ஆலை அவர் காலத்துக் கணக்கில் வரும். 1953-ல் அமைச்சர் பதவி போனது, 1960-ல் தோல்வி, 1965-ல் வெற்றி, 1970-ல் தோல்வி. ஒவ்வொரு முறையும் திரும்பிப் போக கோர்ட் இருந்தது, பெரிய ஃபீஸும் இருந்தது. பதவியில் இருந்தபோது மலையகத் தமிழரின் குடியுரிமை விஷயத்தில் எடுத்த நிலைக்காகத் திட்டு வாங்கினார், இன்றும் வாங்குகிறார். ஆனால் 1976-ல் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் மீதான வழக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட வக்கீல்கள் ஒன்றாக ஆஜரானபோது, பழைய பகையை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் கட்சியிலிருந்து பிரிந்துபோன செல்வநாயகத்தோடு அவரும் வந்து நின்றார். தேர்தல் பிரித்த இருவரைக் கோர்ட் சேர்த்தது. இது மார்ஷல் வழியின் நீண்ட வடிவம் என்று சொல்லலாம்.

சரி, எதை எடுப்பது? ஆட்சிக்கு வரக்கூடிய கட்சியில் நிற்கப் போகிறீர்கள் என்றால் லீ வழிதான் நேர்மையானது. ஆனால் அதற்கு இரண்டு முன்நிபந்தனைகள். உங்கள் கேஸ்கள் கும்பலாக ஆட்களைக் கொண்டுவர வேண்டும். பத்து வருடம் பாகப்பிரிவினை வழக்கும் காசோலை மோசடி வழக்கும் நடத்தியவரை ஊருக்குத் தெரியும், ஓட்டுச்சாவடிக்குத் தெரியாது. அப்புறம், சேம்பரை எடுத்து நடத்த ஒரு குவா கியோக் சூ இருக்க வேண்டும். மனைவியோ, கணவரோ, பங்குதாரரோ, சேர்ந்து வளர்ந்த ஜூனியரோ, யாராவது. அப்படி ஒருவர் இல்லாமல் முழுநேர அரசியலுக்குப் போன வக்கீல், இரண்டாவது தேர்தலுக்குள் யாரிடமாவது கை நீட்ட வேண்டிவரும்.

கொள்கைக்காக ஒரு முறை நின்று பார்க்க ஆசை, தோற்றால் கவலையில்லை என்பவருக்கு மார்ஷல் வழி. நாற்பதைத் தாண்டி, தொழில் நிலைத்த பிறகு போங்கள். முப்பதில் போகாதீர்கள். திரும்பி வரும்போது வழக்குக் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் அளவுக்குப் பெயர் இருக்க வேண்டும், அதற்கு முப்பது போதாது.

எதிர்க்கட்சி, அதுவும் நிரந்தர எதிர்க்கட்சி என்றால், ஜெயரத்தினம் வழியைத் தவிர வேறு இல்லை. அங்கே சம்பளம் தர யாரும் இல்லை, தொழில்தான் சோறு போடும். இந்த மூவரில் எனக்கு மரியாதை அதிகம் அவர்மேல்தான். ஆனால் அவர் போனபடியே யாரும் போகக் கூடாது. அவரிடமிருந்து பதவியையும் சன்னதையும் சேர்த்துப் பறித்த இரண்டு அடிகளையும் பாருங்கள்: ஒன்று கட்சிக் கணக்குக் காகிதம், மற்றது கட்சி இதழில் வந்த ஒரு கட்டுரை. மேடைப் பேச்சுக்காகவும் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், பணம் நிறையப் போனது. ஆனால் இரண்டு தொழிலும் ஒன்றாக விழுந்தது அலுவலகக் காகிதத்தால். அதனால் இந்த வழியில் போகும் வக்கீல் கட்சிப் பொருளாளர் ஆகக் கூடாது, கட்சிக் கணக்கில் கையெழுத்துப் போடக் கூடாது, கட்சிப் பத்திரிகையில் ஆசிரியர் என்று பெயர் வரக் கூடாது. வழக்குக் கட்சிக்காரர்களின் பணம் இருக்கும் வங்கிக் கணக்கும் கட்சி வங்கிக் கணக்கும் ஒரே கிளையில்கூட இருக்க வேண்டாம். சொந்தமாக ஒரு ஆடிட்டர், அதுவும் கட்சிக்குச் சம்பந்தமில்லாத ஆள். வேட்புமனுவுக்கு முன்னால் பேச வேண்டியது அவரிடம்தான்.